பிரசவத்திற்கு முன்னேற்பாடு: குடும்பமும் ஊராட்சியும்

நடவுக்கு நாள் குறிக்கும் உழவர் விதையையும் எருவையும் முன்னதாகவே சேகரித்து வைத்துக்கொள்கிறார். மழை பெய்த பின் விதை தேடிப் புறப்படுபவரை ஊரார் நல்ல உழவர் என்று கூறுவதில்லை. ஆனால், அதே இல்லத்தில் மகளோ மருமகளோ நிறைமாதமாக இருக்கும்போது, எந்த மருத்துவமனைக்குச் செல்வது, எந்த வண்டியில் செல்வது, உடன் செல்பவர் யார் என்னும் கேள்விகள் பல வீடுகளில் வலி தோன்றிய பின்னரே எழுகின்றன. கர்ப்பகாலத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாய் அடையும் மாறுதல்கள் யாவை, அம்மாதங்களில் குடும்பமும் ஊராட்சியும் செய்து முடிக்க வேண்டியவை யாவை என்பனவற்றை இங்கு ஆராய்வோம்.

இன்றைய நிலை

தாய்மார் நலத்தில் நம் மாநிலம் அடைந்துள்ள முன்னேற்றம் போற்றத்தக்கது. 2001-03ஆம் ஆண்டுகளில், உயிருடன் பிறந்த ஒவ்வொரு லட்சம் குழந்தைகளுக்கும் 134 தாய்மார் உயிரிழந்தனர். 2018-20இல் இத்தொகை 54ஆகக் குறைந்தது. 2019-21இல் நடைபெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவ நிலையங்களிலேயே நடைபெற்றன. எனினும், அதே ஆய்வு கர்ப்பிணிகளுள் 48 விழுக்காட்டினருக்கு இரத்த சோகை இருந்ததாகவும் காட்டுகிறது. பிரசவம் மருத்துவமனைக்குச் சென்றுவிட்டது. அதற்கான ஏற்பாடோ இன்றும் வீட்டிலும் ஊரிலும்தான் நடைபெற வேண்டியிருக்கிறது.

கடைசி மூன்று மாதங்கள்

28ஆம் வாரத்தில் ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள சிசு, 40ஆம் வாரத்தில் மூன்று கிலோ அளவுக்கு வளர்கிறது. அதாவது, ஏழு மாதங்களில் சேர்ந்த எடையைப் போல இரு மடங்கு கடைசி மூன்று மாதங்களில் சேருகிறது. இவ்வளர்ச்சிக்கு வேண்டியவை அனைத்தும் தாயின் உடலிலிருந்தே செல்ல வேண்டும்.

சிசு வளர வளரக் கருப்பை மேலெழுந்து இரைப்பையையும் மூச்சுப்பையையும் அழுத்துகிறது. ஆகவே, சிறிது உண்டதும் வயிறு நிறைந்ததுபோல் தோன்றும், நெஞ்செரிச்சல் உண்டாகும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். சிறுநீர்ப்பை அழுத்தப்படுவதால் இரவில் பல முறை எழுந்து செல்ல நேரிடும். இடுப்பு வலியும், மாலையில் பாதங்களில் சிறிது வீக்கமும் ஏற்படும். உறக்கம் குறையும். பிரசவத்தைப் பற்றிய அச்சமும் இம்மாதங்களில் மிகும். இவை பெரும்பாலும் இயல்பானவையே. ஆயினும், 'எல்லாரும் பெற்றவர்கள்தானே' என்று கூறி அப்பெண்ணின் வாயை அடைத்துவிடுதல் தகாது. இன்று சொல்ல அஞ்சியவள் நாளை ஆபத்தான அறிகுறி தோன்றும்போதும் சொல்லாமல் இருந்துவிடக்கூடும்.

மூன்று வேளை வயிறு நிறைய உண்ண இயலாதவள், ஐந்து ஆறு முறை சிறுகச் சிறுக உண்ணலாம். மிகுதியாக உண்டால் குழந்தை பெருத்துப் பிரசவம் கடினமாகும் என்று எண்ணி உணவைக் குறைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது தவறு. உணவு குறைந்தால் தாய் மெலிவாள். குழந்தையும் எடை குறைந்து பிறக்கும். கீரை, பருப்பு, முட்டை, மீன், பால், கேழ்வரகு ஆகியன நம் ஊர்களிலேயே கிடைப்பவை. பகலில் இரண்டு மணி நேரமும் இரவில் எட்டு மணி நேரமும் ஒருக்களித்துப் படுத்து ஓய்வு கொள்ளுதல் வேண்டும். குனிந்து நெடுநேரம் களை எடுத்தல், பாரம் சுமத்தல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். பூச்சிமருந்து கலத்தல், தெளித்தல், மருந்து தெளித்தவர் உடுத்திய துணியைத் துவைத்தல் ஆகிய வேலைகளைக் கர்ப்பிணியிடம் விடுதல் அறவே கூடாது.

இரத்த சோகையின் ஆபத்து

பிரசவத்தில் ஓரளவு இரத்தம் வெளியேறுவது இயற்கை. நலமுள்ள தாய் அதைத் தாங்கிக்கொள்வாள். இரத்த சோகை உடையவளோ அதே அளவு இரத்தப் போக்கினாலும் உயிருக்குப் போராடும் நிலையை அடையலாம். கர்ப்பிணியின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் இரத்த சோகை. 7 கிராமுக்குக் குறைந்தால் அது கடுமையானது.

இரும்புச்சத்து மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் இலவசமாகவே கிடைக்கிறது. நான்காம் மாதம் முதல் நாள்தோறும் ஒன்றாகக் குறைந்தது 180 நாட்களுக்கு உண்ண வேண்டும். மாத்திரையை வாங்கிச் சென்று பரணில் வைத்துவிடும் வீடுகளும் உண்டு. மலம் கறுத்துப் போவதைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. தேநீர், காப்பியுடன் உண்டால் சத்து உடலில் சேராது. எலுமிச்சைச் சாற்றுடன் உண்பது நன்று. சுண்ணாம்புச் சத்து மாத்திரையை இதனுடன் சேர்த்து உண்ணாமல் வேறு வேளையில் உண்ண வேண்டும்.

தாய்வீடு செல்லும்போது

முதற்பேற்றுக்குப் பெண் தாய்வீடு செல்லுதல் நம் பழைய வழக்கம். ஏழாம் அல்லது ஒன்பதாம் மாதத்தில் வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைப் பெற்றோர் அழைத்துச் செல்கின்றனர். அன்னையின் அரவணைப்பு அச்சத்தைப் போக்கும் என்பதால் இது நல்ல வழக்கமே. ஆயினும், இதில் ஒரு குறை நேர்ந்துவிடுகிறது. கணவன் ஊரின் கிராம சுகாதாரச் செவிலியர் அவள் ஊரில் இல்லை என்று அறிந்திருப்பார். தாய் ஊரின் செவிலியர் அவள் வந்திருப்பதையே அறியமாட்டார். மிகுந்த கவனிப்பு வேண்டிய மாதங்களில் அவள் இரு ஊர்க் கணக்கிலும் விடுபட்டுப் போகிறாள்.

இதற்குப் பரிகாரம் எளிது. வளைகாப்புக்கு நாள் குறித்ததும் மாமியார் வீட்டார் தம் ஊர்ச் செவிலியரிடம் தெரிவிக்க வேண்டும். தாய்வீடு சேர்ந்த இரண்டொரு நாட்களில் பெற்றோர் அவ்வூர்ச் செவிலியரிடமும் அங்கன்வாடிப் பணியாளரிடமும் சொல்ல வேண்டும். சீர்வரிசைத் தட்டுகளுடன் தாய் சேய் நல அட்டை, பிக்மி எண் எனப்படும் கர்ப்பப் பதிவு எண், பரிசோதனைச் சீட்டுகள், எஞ்சிய மாத்திரைகள் ஆகியவையும் பெண்ணுடன் செல்ல வேண்டும். இரத்த அழுத்தமும் இரத்த வகையும் குறித்த அச்சீட்டுகளைக் கொண்டே புதிய மருத்துவர் அவள் நிலையை அறிவார்.

முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியவை

தாய்மார் இறப்புக்குக் காரணமாகும் தாமதம் மூவகைப்படும் என்று மருத்துவ அறிஞர் கூறுவர். புறப்பட முடிவு செய்வதில் தாமதம்; மருத்துவமனையைச் சென்றடைவதில் தாமதம்; அங்கு சிகிச்சை பெறுவதில் தாமதம். இவற்றுள் முதலாவதை நீக்குவது குடும்பத்தின் கையில் உள்ளது. எட்டாம் மாதம் முடியுமுன் பின்வருவனவற்றை வீட்டார் கூடி முடிவு செய்தல் நலம்.

1. பிரசவம் நடைபெற வேண்டிய இடம்: சிக்கல் இல்லாதவர்க்கு ஆரம்ப சுகாதார நிலையம் போதும். உயர் இரத்த அழுத்தம், கடுமையான இரத்த சோகை, இரட்டைக் குழந்தை, முன்னர் அறுவைச் சிகிச்சை ஆகியவை இருந்தால், இரத்த வங்கியும் அறுவைச் சிகிச்சை வசதியும் உள்ள மருத்துவமனையை மருத்துவரின் அறிவுரைப்படி தேர்ந்துகொள்ள வேண்டும்.

2. வாகனம்: 108 அவசர ஊர்தி 2008 முதல் நம் மாநிலத்தில் இலவசமாக இயங்கி வருகிறது. அது வரத் தாமதமானால் செல்லத்தக்க மாற்று வண்டியையும் பேசி வைத்தல் வேண்டும்.

3. உடன் செல்லும் பெண்: அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது உறவுப் பெண் ஒருவர் உடனிருக்கலாம். அவர் யார் என்பதைக் கர்ப்பிணியே கூறட்டும்.

4. அனுமதி கூறுபவர்: கணவன் வெளியூரில் இருந்தால், அவர் வரும்வரை காத்திராமல் புறப்படச் சொல்ல வீட்டில் ஒருவருக்கு உரிமை இருத்தல் வேண்டும்.

5. துணிப்பை: பிறக்குமுன் குழந்தைக்குப் புதுத்துணி வாங்கலாகாது என்று முதியோர் கூறுவர். அதனால் குறையொன்றும் இல்லை. துவைத்து வெயிலில் உலர்த்திய பழைய பருத்தி வேட்டித் துண்டுகளே சிசுவின் மேனிக்கு ஏற்றவை. அவற்றுடன் தாயின் மாற்றுடையும் மேற்சொன்ன சீட்டுகளும் ஒரே பையில் இருக்கட்டும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் வழங்கப்பெறும் மகப்பேறு உதவித் தொகையைத் தாயின் உணவுக்கே செலவிடுதல் முறையாகும். பழைய கடனை அடைப்பதற்கு அன்று அது ஏற்பட்டது.

புறப்பட வேண்டிய நேரம்

ஓய்வெடுத்தால் நின்றுவிடும் வலி பொய் வலி. விட்டு விட்டு வந்து, இடைவெளி குறைந்து, வேகம் கூடுவது மெய்யான பிரசவ வலி. பனிக்குடம் உடைந்து நீர் வெளியேறினால் வலி இல்லாவிடினும் உடனே செல்ல வேண்டும்.

கீழ்க்கண்டவற்றுள் ஒன்று தோன்றினாலும், எந்த மாதமாயினும், இரவாயினும் பொழுது விடியக் காத்திருக்கலாகாது: இரத்தப் போக்கு, கடுந்தலைவலியும் பார்வை மங்கலும், முகத்திலும் கையிலும் வீக்கம், வலிப்பு, காய்ச்சல், அடிவயிற்றில் ஓயாத வலி, சிசுவின் அசைவு குறைதல் அல்லது நின்று போதல்.

பிறந்த முதல் நாள்

குழந்தை பிறந்ததும் துடைத்து, துணியால் போர்த்து, தாயின் மார்போடு அணைத்து வைக்க வேண்டும். ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் கொடுத்தல் வேண்டும். மஞ்சள் நிறமான சீம்பால் குழந்தைக்கு நோய் எதிர்ப்பு ஆற்றலைத் தருவது. அதைப் பீய்ச்சி எறிதல் பெருந்தவறு. சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாவில் வைக்கும் சேனை வழக்கத்தைக் கைவிட வேண்டும். முதல் நாள் குளிப்பாட்டுதலும் வேண்டாம். இச்செய்திகளைப் பாட்டிமாரிடம் முன்னதாகவே மரியாதையுடன் எடுத்துரைத்தால் அவர்கள் ஏற்றுக்கொள்வர். மருத்துவமனைக் கட்டிலருகே வாதிடுவதால் பயன் விளையாது.

ஊராட்சி செய்யத்தக்கவை

இரண்டாம் வகைத் தாமதத்தை நீக்குவது ஊராட்சியின் கையில் உள்ளது. அடுத்த இரு மாதங்களில் எத்தனை பிரசவங்கள் எதிர்பார்க்கப்படுகின்றன என்பதைச் செவிலியரிடம் உறுப்பினர்கள் மாதந்தோறும் கேட்டறியலாம். பெண்களின் பெயரையோ நோயையோ கிராம சபையில் வாசித்தல் கூடாது. எண்ணிக்கையும் குடியிருப்பும் தெரிந்தால் போதும். எந்தக் குடியிருப்பிற்கு அவசர ஊர்தி செல்ல இயலாது, எந்தத் தரைப்பாலம் மழைக்காலத்தில் மூழ்கும், எந்தத் தெருவில் விளக்கு எரியவில்லை என்பவற்றைக் கண்டறிந்து முதலில் சீர் செய்யலாம். இரவில் பல முறை எழுந்து செல்லும் நிறைமாதப் பெண்ணுக்கு வீட்டருகே வெளிச்சமுள்ள கழிப்பறை இன்றியமையாதது.

பிரசவத்திற்குப் பின் ஏற்படும் பெரும் இரத்தப் போக்கு, சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கவல்லது. ஆகவே, இரத்த தானம் செய்ய விரும்பும் இளைஞரின் பெயர், இரத்த வகை, தொலைபேசி எண் ஆகியவற்றை இளைஞர் மன்றத்தின் துணையுடன் எழுதி வைத்தல் நன்று. ஆடவர் மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும் பெண்டிர் நான்கு மாதங்களுக்கு ஒருமுறையும் இரத்தம் வழங்கலாம். செங்கற்சூளைக்கும் அறுவடைக்கும் வெளியூரிலிருந்து வந்து தங்கியுள்ள குடும்பங்களிலும் கர்ப்பிணிகள் இருக்கலாம். அவர்களுக்கு இவ்வூரில் தாய்வீடும் இல்லை, உறவும் இல்லை. அவர்களைக் கணக்கில் சேர்ப்பது ஊராட்சியின் முதற்கடமை.

அடுத்த கிராம சபையில் மூன்று கேள்விகளை எழுப்புவோமாக. நம் ஊரின் கடைக்கோடி வீட்டிலிருந்து மருத்துவமனைக்குச் செல்ல நள்ளிரவில் எவ்வளவு நேரம் ஆகும்? பெருமழையன்று எவ்வளவு நேரம் ஆகும்? இவ்விரண்டையும் குறைக்க இவ்வாண்டு நாம் செய்யப்போவது யாது? இவற்றுக்கு விடை கண்டு, அதைத் தீர்மானப் புத்தகத்தில் பதிந்து, நிறைவேற்றியும் காட்டும் ஊராட்சியில் நிறைமாதப் பெண் அச்சமின்றி உறங்குவாள்.