புழுக்கமும் ஆபத்துதான்!



வெயில் 42 டிகிரி என்று செய்தியில் சொன்னால் பயப்படுகிறோம். 36 என்றால் "பரவாயில்லையே" என்கிறோம். ஆனால் காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் 36 கூட ஆளைச் சாய்த்துவிடும். எப்படி என்று பார்ப்போமா?

நம் உடம்பு மண்பானை மாதிரி. பானையில் கசியும் நீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. அதனால் உள்ளே தண்ணி ஜில்லென்று இருக்கிறது. நமக்கு வியர்வை அந்த வேலையைச் செய்கிறது. வியர்வை வழிந்தால் மட்டும் போதாது, காய வேண்டும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் அது காயாது, மழைக்காலத்தில் துணி காயாத மாதிரிதான். சூடு உள்ளேயே தங்கிவிடும். 37 டிகிரி இருக்க வேண்டிய உடம்பு 40-ஐத் தாண்டினால் ஹீட் ஸ்ட்ரோக் வரும். மூளையே பாதிக்கும்.

வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றி, காற்றுப் படும்படி வைத்தால் காட்டும் அளவுக்கு ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர். அது 35 டிகிரி ஆனால் நிழலில் சும்மா இருப்பவர்கூட நீண்ட நேரம் தாங்கமாட்டார் என்று 2010-இல் விஞ்ஞானிகள் கணக்குப் போட்டார்கள். 2022-இல் அமெரிக்காவில் இளைஞர்களைச் சோதித்தபோது, ஈரக்காற்றில் சுமார் 31-லேயே உடம்புச் சூடு ஏறத் தொடங்கிவிட்டது! நம் வானிலைத் துறையும் வெப்ப அலை என்று சொல்ல சமவெளிக்குக் குறைந்தது 40, கடலோரத்துக்குக் குறைந்தது 37 என்றுதான் வைத்திருக்கிறது.

2024 அக்டோபர் 6-இல் சென்னை மெரினாவில் விமான சாகசம் பார்க்கப் போன கூட்டத்தில் 5 பேர் இறந்தார்கள். அது கோடையே இல்லை!

எங்கள் அத்தை உப்பளத்தில் வேலை செய்கிறார். அங்கே நிழலும் இல்லை, கழிப்பறையும் இல்லை. ஒதுங்க இடமில்லை என்று தண்ணியே குடிக்கமாட்டார். கொடுத்தனுப்பிய பாட்டில் பாதி அப்படியே திரும்பி வரும். "வேர்க்கிறதுக்கே தண்ணி வேணும் அத்தை" என்று சொன்னேன். "அங்க வந்து பாரு பாப்பா, அப்பறம் சொல்லு" என்றார். அவர் சொல்வது நியாயம்தான். அங்கே ஒரு கழிப்பறை கட்டிக் கொடுத்தால் அத்தை தானாகவே தண்ணி குடிப்பார் என்பது என் கருத்து.

யாராவது வெயிலில் தடுமாறினால், சம்பந்தமில்லாமல் பேசினால், உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணி ஊற்றி விசிறுங்கள். விசிறினால்தான் ஈரம் காயும். மயங்கியவர் வாயில் தண்ணி ஊற்றக் கூடாது, புரை ஏறிவிடும். ஒருவர் விசிறும்போதே இன்னொருவர் 108-க்கு போன் செய்யுங்கள்.

– 9-ஆம் வகுப்பு மாணவி