ஆதரவற்றோரும் உதவி நிலையங்களும்: பஞ்சாயத்து அங்கத்தினர் அறிய வேண்டியவை

கிராம முன்னேற்றம் என்றவுடன் சாலையும், கிணறும், பள்ளிக் கட்டடமுமே நம் கண்முன் நிற்கின்றன. இவை அளந்து பார்க்கத் தக்கவை. திறப்பு விழாவுக்கும் உரியவை. ஆனால் அச்சாலையில் நடந்து வர இயலாதவர்கள் ஒவ்வொரு கிராமத்திலும் இருக்கிறார்கள். கண் மங்கிய முதியோர், கைவிடப்பட்ட பெண்கள், படுக்கையில் கிடக்கும் நோயாளிகள், மன நோயால் வருந்துவோர், பெற்றோரை இழந்த குழந்தைகள் ஆகிய இவர்கள் கிராம சபைக்கு வருவதில்லை. வந்தாலும் வாய் திறந்து கேட்பதில்லை. இவர்களைத் தேடிச் சென்று, இவர்களுக்கென உள்ள உதவி நிலையங்களோடு இணைத்து வைப்பது பஞ்சாயத்தின் கடமைகளுள் ஒன்றாகும்.

அன்றைய சென்னை ராஜ்யத்தில் 1962-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி முதியோர் உதவித் தொகைத் திட்டம் தொடங்கப்பட்டது. மாதம் 20 ரூபாய் அளிக்கப்பட்டது. அத்தொகை படிப்படியாக உயர்ந்து, 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டில் 1,200 ரூபாயாயிற்று. இத்தனை ஆண்டுகளில் திட்டங்களும் அலுவலகங்களும் பெருகியுள்ளன. பெருகியதனாலேயே ஒரு புதிய இடர் தோன்றியிருக்கிறது. எந்த உதவிக்கு எந்த அலுவலகம் என்பது படித்தவர்களுக்கே விளங்குவதில்லை. தாலுகா அலுவலகத்தில் கேட்க வேண்டியதை ஆஸ்பத்திரியில் கேட்டு, ஆஸ்பத்திரியில் பெற வேண்டியதைக் கலெக்டர் அலுவலகத்தில் கேட்டு, கூலியையும் பஸ் கட்டணத்தையும் இழந்து, இறுதியில் மனம் சலித்து வீட்டிலேயே தங்கிவிடுகிறார்கள். ஆகவே, வழி காட்டும் முறையை ஒரு பாடமாக இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

முதற்படி: கணக்கு எடுத்தல்

பஞ்சாயத்து அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் வார்டுக்கென ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ள வேண்டும். வீடு வீடாகச் சென்று நான்கு செய்திகளைக் குறித்துக்கொண்டால் போதும். இவ்வீட்டில் தனியே வாழ்பவர் உண்டா? தம் வேலையைத் தாமே செய்துகொள்ள இயலாதவர் உண்டா? நாள்பட்ட நோயாளி உண்டா? பள்ளிக்குச் செல்லாத குழந்தை உண்டா?

இவ்வேலையில் நமக்குத் துணை புரிபவர்கள் கிராமத்திலேயே இருக்கிறார்கள். கிராம சுகாதார செவிலியர் நோயாளிகளை அறிவார். அங்கன்வாடிப் பணியாளர் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அறிவார். மகளிர் சுய உதவிக் குழுவினர் கணவனால் கைவிடப்பட்டவர்களையும் கடனில் மூழ்கியவர்களையும் அறிவர். நியாய விலைக் கடைக்காரர், மாதக் கணக்கில் அரிசி வாங்க வராதவர் யாரென்று அறிவார். இந்நால்வரையும் மாதம் ஒரு முறை ஒருசேர அமர்த்திப் பேசினால், மறைந்து கிடக்கும் வீடுகள் தாமே வெளிப்படும்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். காசநோய், மன நோய் முதலியவற்றால் வருந்துவோரின் பெயர்களைக் கிராம சபையில் உரக்கப் படித்தல் ஆகாது. இத்தனை பேர் என்ற எண்ணிக்கையைச் சொல்லலாம். பெயர் நோட்டுப் புத்தகத்திலேயே இருக்கட்டும். அவமானத்துக்கு அஞ்சுகிறவர் உதவியையே வெறுத்து ஒதுங்கிவிடுவார்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம்

பாடம் எளிதில் விளங்கும் பொருட்டு ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். அவ்வீட்டில் எழுபது வயதுக் கிழவி. கண் புரையினால் பார்வை மங்கியவர். அவருடைய மகன் மன நோயாளி. சில சமயங்களில் வீட்டைவிட்டு ஓடிவிடுவதால் அவனைத் தூணில் கட்டி வைத்திருக்கிறார்கள். மருமகள் கூலி வேலை செய்பவள்; மூன்று வாரங்களாக இருமல், உடல் மெலிந்து வருகிறாள். பேத்திக்குப் பன்னிரண்டு வயது; தந்தையைக் காவல் காப்பதற்காகப் பள்ளியை விட்டு நின்றுவிட்டாள். இத்தகைய வீட்டைக் கண்டதும், “பாவம், விதி!” என்று சொல்லிப் போவது எளிது. நால்வரையும் நால்வராகப் பிரித்துப் பார்த்தால் நான்கு வாசல்கள் தெரியும்.

முதலில் மருமகளைக் கவனிக்க வேண்டும். காரணம், அவள் படுத்துவிட்டால் அவ்வீட்டில் அடுப்பு எரியாது. இரண்டு வாரங்களுக்கு மேற்பட்ட இருமல் இருந்தால் காசநோயா என்று சோதிக்க வேண்டுமென்பது வைத்திய விதி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சாதாரணக் காசநோய்க்குச் சிகிச்சை ஆறு மாத காலம். இரண்டு மாதங்களில் இருமல் தணிந்தவுடன் மருந்தை நிறுத்திவிடுவோர் பலர். அவ்வாறு நிறுத்தினால் நோய் மீண்டும் தலையெடுப்பதோடு, மருந்துக்குக் கட்டுப்படாத வகையாகவும் மாறக்கூடும். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் வழங்கும் திட்டம் 2018 ஏப்ரலில் தொடங்கிற்று. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இத்தொகை வங்கிக் கணக்கில் சேர்வதால், கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துக் கொடுப்பது நம் வேலை.

அடுத்து மகன். மன நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எவ்வகையிலும் அனுமதிப்பதில்லை. ஆயினும், வீட்டாரைக் குற்றவாளிகளாக மிரட்டுவதனால் பயனில்லை. அவர்கள் கயிற்றை எடுத்தது வழி அறியாமையினால். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரை அரசு ஆஸ்பத்திரியில் காணச் செய்ய வேண்டும். பெரும்பாலான மன நோய்கள் மருந்தினால் கட்டுப்படும். தொடர்ந்து உண்பது ஒன்றே நிபந்தனை. நள்ளிரவிலும் ஆலோசனை கேட்க 14416 என்ற தொலைபேசி எண் 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம். தெருவில் திரியும் மன நோயாளியைப் பாதுகாப்பில் எடுத்துச் சிகிச்சைக்கு அனுப்பும் கடமை, மேற்படி சட்டத்தின்படி, காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கு உண்டு. மேலும், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகைக் குறைபாடுகளில் மன நோயும் அடங்கும். மருத்துவக் குழு 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் பாதிப்பு எனச் சான்று அளித்தால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் வழியே தேசிய அடையாள அட்டையும் அதற்குரிய சலுகைகளும் கோரலாம்.

மூன்றாவது, கிழவி. கண் புரை வயதின் தண்டனை என்று எண்ணி எத்தனையோ பேர் இருளில் அமர்ந்திருக்கிறார்கள். சிறிய அறுவைச் சிகிச்சையால் நீங்கும் குறை இது. அரசு ஆஸ்பத்திரிகளில் இது இலவசம். தர்ம நோக்குள்ள ஸ்தாபனங்களும் உண்டு. 1976-இல் மதுரையில் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமங்களில் முகாம் நடத்தி லட்சக்கணக்கானோருக்குப் பார்வை தந்திருப்பது யாவரும் அறிந்ததே. அடுத்த முகாம் எங்கே, எப்போது என்று கேட்டு வந்து தண்டோரா போடுவது பஞ்சாயத்துக்கு மிகச் சிறு செலவு. முதியோர் உதவித் தொகைக்குத் தாலுகாவில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் மனுச் செய்ய வேண்டும். இ-சேவை மையத்திலும் பதிவு செய்யலாம். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ள முதியோருக்கு வீட்டிலேயே மருந்து கொண்டுவந்து கொடுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. நம் ஊர்ப் பட்டியலில் விடுபட்டவர் பெயரைச் சேர்க்கச் சொல்லலாம்.

நான்காவது, பேத்தி. பதினான்கு வயது வரை கல்வி, குழந்தையின் சட்டபூர்வமான உரிமை. தலைமை ஆசிரியரிடம் பேசி மீண்டும் வகுப்பில் அமர்த்துவது முதல் வேலை. குடும்பத்தில் தாங்குவார் இல்லையெனில், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகினிடம் நிதி ஆதரவு கோரலாம். தந்தைக்குச் சிகிச்சை கிடைத்தாலன்றி இக்குழந்தை பள்ளியில் நிலைக்காது என்பதையும் உணர வேண்டும். ஒரு வாசலைத் திறந்து மற்றொன்றை மூடிவிட்டால் பயன் பாதியாகும்.

தனியார் இல்லங்களை ஆராய்தல்

அரசு நிலையங்களோடு தொண்டு நிறுவனங்களும் நம் நாட்டில் அரும்பணி ஆற்றி வந்துள்ளன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930-இல் நிறுவிய அவ்வை இல்லமும், 1947-இல் டாக்டர் சௌந்திரம் ராமச்சந்திரன் வித்திட்ட காந்திகிராமமும், 1981 முதல் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்காகப் பணி செய்து வரும் அமர் சேவா சங்கமும் இதற்குச் சான்று. ஆனால் ‘இல்லம்’ என்று பலகை மாட்டிய இடமெல்லாம் இல்லமாகாது. ஏர்வாடியில் 2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியற்காலையில் ஒரு மனநல விடுதி தீப்பற்றிற்று. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் தப்பி ஓட வழியின்றி, 28 பேர் மாண்டனர். அவர்களை அங்கே சேர்த்தவர்களும் நம்மைப் போன்ற கிராமத்து ஜனங்களே. குணமாகும் என்று நம்பியே சேர்த்தார்கள்.

ஆகவே, யாரையேனும் ஓர் இல்லத்துக்கு அனுப்புமுன் பின்வருவனவற்றைப் பார்க்க வேண்டும்.

1. சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவு செய்திருப்பது மட்டும் போதாது. குழந்தைகள் இல்லமாயின் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படியும், மனநல இல்லமாயின் 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படியும் தனிப் பதிவு வேண்டும்.
2. நேரில் சென்று சமையலறை, கழிப்பறை, இரவுக் காவல், வெளியேறும் வழி ஆகியவற்றைக் காண வேண்டும். பார்க்க விடாத இடத்தில் சேர்க்கலாகாது.
3. குழந்தையை நாமே கொண்டுபோய் எந்த இல்லத்திலும் சேர்ப்பது தவறு. மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் ஆணை வேண்டும்.
4. சேர்த்த பின்னரும் மூன்று மாதத்துக்கு ஒரு முறையேனும் சென்று பார்க்க வேண்டும்.

பிள்ளைகள் இருந்தும் கைவிடப்பட்ட பெற்றோரை உடனே முதியோர் இல்லத்துக்கு அனுப்ப வேண்டியதில்லை. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி, வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் ஜீவனாம்சம் கோரலாம். நோட்டீஸ் சேர்ந்த 90 நாட்களுக்குள் முடிவு செய்ய வேண்டுமென்பது விதி. கவனித்துக்கொள்வதாகச் சொல்லி நிலத்தை எழுதி வாங்கி, பின் கைவிட்ட பிள்ளையின் பத்திரத்தை ரத்துச் செய்யவும் வழி உண்டு. ஆனால் அந்நிபந்தனை பத்திரத்திலேயே எழுதப்பட்டிருப்பது நலம். நிலத்தை எழுதிக் கொடுக்கும் முதிய விவசாயிகள் இதை நன்கு நினைவில் வைக்க வேண்டும்.

மனு என்னவாயிற்று?

மனுக் கொடுப்பதோடு வேலை முடிந்தது என்று எண்ணுதல் கூடாது. ஒப்புகைச் சீட்டு இல்லாத மனு காற்றில் எறிந்த சருகு. பதிவு எண்ணை நம் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டு, மாதம் ஒரு முறை விசாரிக்க வேண்டும். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, மேல் அதிகாரியிடம் முறையிடலாம். திங்கட்கிழமைகளில் கலெக்டர் நடத்தும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் நேரிலும் கொடுக்கலாம். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 30 நாட்களுக்குள் பதில் பெறவும் உரிமை உண்டு. இடையில் நின்று “முடித்துத் தருகிறேன்” என்று பணம் கேட்பவரை அண்ட விடலாகாது. வழக்கு மன்றம் போக வேண்டி வந்தால், பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆகியோர்க்குத் தாலுகா சட்டப் பணிகள் குழு இலவசமாக வக்கீல் அமர்த்தித் தரும்.

சுவரில் எழுத வேண்டியவை

பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் கீழ்க்கண்ட எண்களைப் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம்:

அவசர மருத்துவ ஊர்தி – 108
மருத்துவ ஆலோசனை – 104
குழந்தைகள் – 1098
பெண்கள் – 181
மூத்த குடிமக்கள் – 14567
மனநலம் – 14416
சட்ட உதவி – 15100

அதனடியில் நம் ஊருக்குரிய ஆரம்ப சுகாதார நிலையம் எது, செவிலியர் எந்தக் கிழமை வருவார், தனி வட்டாட்சியர் அலுவலகம் எங்கே என்பவற்றையும் எழுத வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குச் சுவர் பேசாது என்பதால், கிராம சபை கூடும்போதெல்லாம் ஒருவர் எழுந்து இவற்றைச் சொல்வது வழக்கமாக வேண்டும்.

இதற்கெல்லாம் பெரிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், மாதத்தில் இரண்டு நாள் நடையும், விடாமல் விசாரிக்கும் மனமும் போதும். அடுத்த கிராம சபைக்கு முன், அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் வார்டில் இதுவரை எந்த உதவியும் எட்டாத ஒரே ஒரு வீட்டையேனும் கண்டுபிடித்து, அவ்வீட்டார்க்கு உரிய வாசல் எது என்று குறித்து வருவாராக. குறித்து வருவோருக்கு வட்டார அலுவலகம் எல்லா வகையிலும் துணை நிற்கும்.