காங்கிரஸிடம் தோற்றவர் நேருவின் நிதியமைச்சர் ஆனது எப்படி?

கேள்வி: ஆர்.கே. சண்முகம் செட்டியார் கோவை மில் குடும்பத்துக்காரர். தேர்தலில் காங்கிரஸிடம் தோற்றவர். அவரை நேரு முதல் நிதியமைச்சர் ஆக்கியது பணபலத்தாலா, வெள்ளைக்காரர் சிபாரிசாலா?
– ஒரு வாசகர், வல்லம், விழுப்புரம் மாவட்டம்

பதில்: இரண்டுமே இல்லை என்பதுதான் என் கணிப்பு. அவரைவிடப் பெரிய பணக்காரர்கள் காங்கிரஸுக்கு நெருக்கமாகவே இருந்தார்கள். 1947 அமைச்சரவையில் காங்கிரஸை எதிர்த்து நின்ற அம்பேத்கருக்கும் சியாமா பிரசாத் முகர்ஜிக்கும்கூட இடம் இருந்தது. ஆகவே பழைய பகை தடையாக இல்லை.

அவரிடம் இருந்தது பேச்சுவார்த்தை மேசையில் பழகிய கை. 1932இல் ஒட்டாவா மாநாட்டுக்குப் போனார். பிரிட்டிஷ் பேரரசு நாடுகள் தங்களுக்குள் குறைந்த சுங்கவரி விதித்துக்கொள்ளும் 'பேரரசுச் சலுகை' அங்கே முடிவானது. அதை ஆதரித்ததற்காகத் தேசியவாதிகள் அவரை மன்னிக்கவில்லை. மத்திய சட்டசபையின் தலைவராக இருந்தவர், 1934 தேர்தலில் காங்கிரஸின் சாமி வெங்கடாசலம் செட்டியாரிடம் தோற்றார். அடுத்த ஆண்டே கொச்சி சமஸ்தானத்தின் திவான், அதாவது மன்னருக்கு அடுத்த நிர்வாகத் தலைவர் ஆனார். 1941 வரை அந்தப் பதவி. இடையில், 1938இல், ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தில் இந்தியப் பிரதிநிதியாகவும் அமர்ந்தார்.

உண்மையான காரணம் போர்க் கணக்கில் இருக்கிறது. உங்கள் பக்கத்து விவசாயி மல்லாட்டையைக் கமிட்டியில் போட்டுவிட்டு, பணத்துக்குப் பதில் சீட்டோடு திரும்பினால் எப்படியிருக்கும்? இரண்டாம் உலகப் போரில் இந்தியாவின் நிலை அதுதான். பிரிட்டன் வாங்கிய சரக்குக்கும் படைச் செலவுக்கும் உரிய தொகை லண்டனில் பவுண்டுக் கணக்காகத் தேங்கியது. இதற்கு 'ஸ்டெர்லிங் இருப்பு' என்று பெயர். போர் முடிந்தபோது அது 1,700 கோடி ரூபாய் அளவுக்கு வளர்ந்திருந்தது. வங்கப் பஞ்சத்தைத் தாண்டி வந்த ஒரு ஏழை நாடு கொடுத்த கடன் அது என்பதை நாம் மறக்கவே கூடாது.

சர்வதேச நிதியத்தையும் உலக வங்கியையும் உருவாக்கிய 1944 பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டில், இந்தியக் குழு இந்தப் பாக்கியை எழுப்பியது. குழுத் தலைவர் ஆங்கிலேயரான ஜெரமி ரெய்ஸ்மன். அரசு அதிகாரிகள் அல்லாத உறுப்பினர்கள் இருவர்: ஏ.டி. ஷ்ராஃப், சண்முகம் செட்டியார். கோரியது அங்கே கிடைக்கவில்லை. ஆனால் சுதந்திர இந்தியாவின் கஜானாவுக்கு முதல் கவலையே அந்தப் பாக்கிதான். அதன் நெளிவுசுளிவு அறிந்தவர்கள் மிகச் சிலர். அவர்களில் சட்டசபை நடத்திய அனுபவமும் இருந்தவர் இவர்.

1947 நவம்பர் 26 அன்று சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை வாசித்தார். 1948 ஜூலையில் லண்டனில் ஸ்டெர்லிங் உடன்பாட்டை முடித்தார். அடுத்த மாதமே, வரி ஏய்ப்பு விசாரணைப் பட்டியலிலிருந்து சில பெயர்கள் நீக்கப்பட்ட விவகாரத்தில் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். நிதித்துறை ஜான் மத்தாய் கைக்குப் போனது.