பிடிப்பு மாத்திரை: விழுங்குமுன் அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

குனிந்து குடத்தைத் தூக்கும்போது இடுப்பில் சுருக்கென்று பிடித்துக்கொள்கிறது. அல்லது காலையில் எழுந்தால் கழுத்து ஒரு பக்கம் திரும்ப மறுக்கிறது. தெருமுனை மெடிக்கலில் போய், "அண்ணே, பிடிப்புக்கு ஒரு மாத்திரை குடுங்க" என்று கேட்கிறோம். கேட்டது ஒரு மாத்திரை. கைக்கு வருவதில் பெரும்பாலும் மூன்று மருந்துகள் இருக்கும்: வீக்கத்தையும் வலியையும் குறைக்கும் மருந்து ஒன்று, பாராசிட்டமால் ஒன்று, இறுகிய தசையைத் தளர்த்துவது ஒன்று. நல்ல மருந்துதான், நாலு நாள் வேதனையைத் தாங்க வைக்கும். ஆனால் மூன்றில் எது யாருக்கு ஆகாது என்பது வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

1. அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் இருப்பதுதான் உண்மையான பெயர். முன்பக்கப் பெயர் கம்பெனி வைத்தது. அசிகுளோஃபெனாக், டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், எட்டோரிகாக்சிப் என்று இருந்தால் அது வலி மருந்து. தயோகோல்சிகோசைடு, குளோர்சோக்சசோன், டைசானிடின் என்று இருந்தால் அது தசைத் தளர்த்தி. எழுத்து தெரியாவிட்டால் ஃபோனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். அந்தப் படத்தை அழிக்காமல் வைத்திருந்தால் அடுத்த முறை டாக்டரிடம் காட்டவும் உதவும்.

2. பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் ஆங்கில எழுத்துகளை நம்பி மாத்திரையை மாற்றாதீர்கள். வலி மாத்திரையில் 'எம்.ஆர்.' என்றால் தசைத் தளர்த்தி சேர்ந்தது என்று பொருள். சர்க்கரை நோய்க்கான கிளிக்லசைடு மாத்திரையிலும் அதே 'எம்.ஆர்.' உண்டு; அங்கே அது மெதுவாகக் கரையும் வகை என்பதற்கு அடையாளம். 'எஸ்.பி.' என்று வரும் வலி மாத்திரையில் தசைத் தளர்த்தியே கிடையாது, இருப்பது செராஷியோபெப்டிடேஸ். "போன தடவை வாங்கினோமே, அதேதான்" என்று பக்கத்து வீட்டுப் பையனிடம் பெயரை மட்டும் சொல்லி அனுப்பினால் வேறு எதுவோ வரும். பழைய அட்டையையே கொடுத்தனுப்புங்கள்.

3. 'செட்' மாத்திரை வாங்காதீர்கள். அட்டையிலிருந்து ஒவ்வொன்றாக வெட்டி, காகிதக் கவரில் போட்டு, "காலையில ஒரு செட், நைட்டு ஒரு செட்" என்று தருவார்களே, அதைச் சொல்கிறேன். வெட்டிய துண்டில் பெயரும் இருக்காது, காலாவதித் தேதியும் இருக்காது. இரண்டு வலி மருந்துகள் ஒன்றாக இருக்கலாம். ஸ்டீராய்டு மாத்திரையும் இருக்கலாம். வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் சேர்ந்தால் வயிற்றுப் புண்ணுக்கு வாய்ப்பு அதிகம். ஒரே வேளையில் வலி பறந்துபோனால் அதை மருந்தின் மகிமை என்று எடுத்துக்கொள்ளாமல், உள்ளே என்ன இருந்தது என்று கேளுங்கள். தசைத் தளர்த்தி சேர்ந்த மாத்திரைகளெல்லாம் டாக்டர் சீட்டுக்குத் தர வேண்டியவை. கடைக்காரர் கேட்கவில்லை என்பதற்காக நாம் விட்டுவிட வேண்டியதில்லை.

4. பாராசிட்டமாலைக் கூட்டிப் பாருங்கள். இந்தியாவில் பிற மருந்தோடு சேர்ந்து வரும் மாத்திரைகளில் பாராசிட்டமால் 325 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2011-ல் விதி வந்தது. பிடிப்பு மாத்திரை இரண்டு வேளை என்றால் 650. உடம்பு கதகதவென்று இருக்கிறதே என்று டோலோ 650-ஐ ஆறு மணிக்கொரு முறை நான்கு போட்டால் 2,600. கூடவே சளி மாத்திரை. அதிலும் 325 இருந்தால், மூன்று வேளைக்கு 975. மொத்தம் 4,225. பெரியவர்களுக்கு ஒரு நாளைய உச்ச வரம்பு 4,000. இதில் எதுவுமே தனியாகப் பார்த்தால் தப்பில்லை, கூட்டினால்தான் கல்லீரலுக்கு ஆபத்து. உடல் மெலிந்தவர்களுக்கும், தினமும் குடிப்பவர்களுக்கும், கல்லீரல் பழுதானவர்களுக்கும் அந்த வரம்பு இன்னும் கீழே.

5. ஒரு வலி மருந்தோடு இன்னொரு வலி மருந்து வேண்டாம். காலையில் கிளினிக்கில் இடுப்பில் ஒரு ஊசி போட்டுக்கொண்டு வந்தவர், இரவு அடங்கவில்லையே என்று வீட்டிலிருக்கும் காம்பிஃபிளாமை விழுங்குவது நாம் அன்றாடம் பார்க்கிற காட்சி. ஊசியிலும் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக்தான் இருந்திருக்கும். அளவு கூடுவதால் வலி கூடுதலாகக் குறைந்துவிடாது, புண்தான் கூடும். இதயத்துக்காகத் தினமும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் போடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் ரத்தக் கசிவு வரலாம். ஐபுபுரூஃபன் ஆஸ்பிரினின் வேலையையே தடுத்துவிடவும் கூடும். அதற்காக ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நிறுத்த வேண்டியது வலி மாத்திரையை.

6. பிரஷர் மாத்திரை போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன், எனலாப்ரில் போன்றவை ஒரு பக்கம். உடம்பிலிருந்து நீரைப் பிரிக்கும் ஃப்ரூசமைடு, ஹைட்ரோகுளோரோதயசைடு போன்றவை இன்னொரு பக்கம். இந்த இரண்டோடு வலி மாத்திரை மூன்றாவதாகச் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைந்து, சில நாட்களிலேயே அது திணற ஆரம்பிக்கும். "நான் ஒரே ஒரு பிரஷர் மாத்திரைதானே போடுகிறேன்" என்று சொல்லாதீர்கள். அதன் பெயருக்குப் பின்னால் 'எச்' என்று இருந்தால், பெரும்பாலும் முதல் இரண்டும் அந்த ஒன்றிலேயே அடக்கம். வாந்தி, பேதி, சித்திரை வெயிலில் நாள் முழுக்க வேலை என்று உடம்பில் நீர் வற்றியிருக்கும் நேரத்தில் ஆபத்து இரட்டிப்பு. வலி மாத்திரை பிரஷரையும் ஏற்றிவிடும். ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறோ இதயம் பலவீனமோ இருப்பவர்கள் டாக்டர் சொல்லாமல் தொடவே கூடாது. சர்க்கரை நோய் நாள்பட்டவர்கள் கிரியாட்டினின் பார்த்த பிறகு தொடுவது நல்லது. வலி மாத்திரை போட்டதும் மூச்சு இரைக்கும் ஆஸ்துமாக்காரர்களும் சிலர் உண்டு.

7. டைசானிடின் இருக்கும் மாத்திரையோடு சிப்ரோஃப்ளாக்சசின் கூடவே கூடாது. சிறுநீர்க் கடுப்புக்கும் வயிற்றுப்போக்குக்கும் நம் ஊரில் சர்வ சாதாரணமாகக் கொடுக்கப்படும் ஆன்டிபயாடிக் அது. டைசானிடினை உடைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதியை அது கட்டிப்போட்டுவிடுவதால், ரத்தத்தில் டைசானிடின் பத்து மடங்கு வரை ஏறலாம். பிரஷர் சட்டென்று இறங்கி ஆள் சுருண்டு விழுவார். இடுப்பு வலிக்கு ஒரு டாக்டர், நீர்க்கடுப்புக்கு இன்னொரு டாக்டர் என்று போகிறவர்கள் இருவரிடமும் இரண்டு சீட்டையும் காட்டுங்கள்.

8. மாத்திரை போட்டுவிட்டு வண்டி எடுக்காதீர்கள். டைசானிடினும் குளோர்சோக்சசோனும் தூக்கத்தை இழுத்துக்கொண்டு வரும். தயோகோல்சிகோசைடு சிலரை மட்டும் அசத்தும். முதல் வேளையை இரவில் போட்டுப் பார்த்தால் உடம்பு எப்படி ஏற்கிறது என்று தெரிந்துவிடும். ஆட்டோ ஓட்டுகிறவர், நைட் ஷிஃப்டில் மெஷின் முன்னால் நிற்கிறவர் இதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குடித்த அன்று இந்த மாத்திரை வேண்டாம். மாத்திரை போட்ட அன்று குடியும் வேண்டாம். தாத்தா பாட்டிக்குக் கொடுத்திருந்தால் ராத்திரி பாத்ரூம் போகும்போது யாராவது கூட எழுந்திருங்கள். படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும், விழுந்தால் இடுப்பு வலிக்குப் போட்ட மாத்திரையால் இடுப்பெலும்பு முறிந்துபோகும்.

9. சாப்பாட்டுக்குப் பின், ஒரு டம்ளர் தண்ணீரோடு, உட்கார்ந்தபடி. ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கி உடனே படுத்தால் மாத்திரை தொண்டைக்குக் கீழே ஒட்டிக்கொண்டு எரியும். கூடக் கொடுக்கும் பான்டோபிரசோல் மாத்திரை மட்டும் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு. எல்லாவற்றையும் ஒரே கையில் அள்ளிப் போட்டுக்கொண்டால் அது சரியாக வேலை செய்யாது. 'எஸ்.ஆர்.' என்று போட்ட மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த வேளை இரண்டாகப் போட வேண்டாம்.

10. கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், குழந்தைக்காகக் காத்திருப்பவர்கள் தயோகோல்சிகோசைடு பக்கமே போகக் கூடாது. இந்த மருந்து உடம்பில் உடையும்போது உருவாகும் ஒரு பொருள், செல் பிரியும்போது குரோமோசோம் எண்ணிக்கையைக் குலைக்கக்கூடும் என்று கண்டு, ஐரோப்பிய மருந்து முகமை 2013-ல் கட்டுப்பாடுகளைப் பரிந்துரைத்தது. வேளைக்கு 8 மில்லிகிராம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஏழு நாளுக்கு மேல் வேண்டாம், 16 வயதுக்குக் கீழே கொடுக்கவே வேண்டாம் என்பவை அவற்றில் சில. வலிப்பு நோய் இருப்பவர்களுக்கும் இது ஆகாது. அசிகுளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகையறாக்களும் கர்ப்ப காலத்தில், அதுவும் 20 வாரத்துக்குப் பிறகு, ஆகாதவை. மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தால் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

11. மூன்று முதல் ஐந்து நாள் போதும். சாதாரணப் பிடிப்பு அதற்குள் தளர ஆரம்பித்துவிடும். வெந்நீர் ஒத்தடமோ, வறுத்த உப்பைத் துணியில் கட்டிய ஒத்தடமோ கூடவே இருந்தால் மாத்திரையின் தேவை இன்னும் குறையும். வாரக்கணக்கில் படுத்தே கிடந்தால் முதுகு இன்னும் இறுகும். வலி பொறுக்கும் அளவுக்கு வீட்டுக்குள் நடமாடுங்கள். ஆனால் டாக்டர் சொல்லி டைசானிடினை மாதக்கணக்கில் போட்டு வந்தவர்கள் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது; பிரஷர் எகிறும்.

12. காய்ச்சலோடு உடம்பு வலி என்றால் இந்த மாத்திரை வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் டெங்கு பரவும்போது கை கால் முறிப்பது போல வலிக்கும். டெங்குவில் தட்டணுக்கள் குறைந்திருக்கும்போது வலி மருந்து ரத்தக் கசிவை வரவழைக்கும். என்ன காய்ச்சல் என்று தெரியும்வரை வெறும் பாராசிட்டமால் மட்டும், அதுவும் அளவோடு.

13. எல்லாப் பிடிப்பும் தசைப்பிடிப்பு அல்ல. நெஞ்சில் அழுத்தம், இடது தோளிலோ தாடையிலோ இறங்கும் வலி, கூடவே வியர்வை என்றால் வாயுப் பிடிப்பு என்று மாத்திரை தேடிக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். இடுப்பு வலியோடு சிறுநீர் அடைத்துக்கொண்டாலும், அறியாமலே போனாலும், தொடையிடுக்கில் மரத்துப்போனாலும், கால் தளர்ந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்; தண்டுவட நரம்பு நசுங்குவதாக இருக்கலாம், மறுநாள்வரை அது காத்திருக்காது.

14. குளோர்சோக்சசோன் போட்டவருக்குச் சிறுநீர் ஆரஞ்சாகவோ ஊதா கலந்த சிவப்பாகவோ போகலாம். மருந்தின் நிறம்தான், பயப்பட வேண்டாம். ஆனால் கண்ணும் மஞ்சளித்து, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் கல்லீரல் அடிவாங்கியிருக்கிறது; மாத்திரையை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மலம் தார் போலக் கறுத்து, பிசுபிசுத்துப் போனால் வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது. இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும் என்பதால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

15. மிச்சமானதை மாட்டுக்கும் நாய்க்கும் போடாதீர்கள். பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும்; ஐபுபுரூஃபன் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மாட்டுக்குப் போட்டால் விளைவு மாட்டோடு நிற்காது. டைக்ளோஃபெனாக் கொடுத்த மாடு செத்து, அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டங்கூட்டமாக மாண்டதால்தான் கால்நடைகளுக்கு அந்த மருந்தை 2006-ல் தடை செய்தார்கள். மாட்டின் உடம்புக்குள் போனதும் அசிகுளோஃபெனாக்கும் டைக்ளோஃபெனாக்காகவே மாறுவதால் 2023-ல் அதற்கும் தடை வந்தது. நீலகிரியின் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் கொஞ்சம் கழுகுகள் மிஞ்சியிருக்கின்றன. நொண்டுகிற மாட்டுக்குக் கால்நடை டாக்டரைக் கூப்பிடுங்கள்; அதற்கென்று வேறு மருந்து இருக்கிறது.