சார்ந்து வாழ்வோரின் பாதுகாப்பு: முதலில் அவரிடம் கேளுங்கள்

பக்கவாதத்தால் ஒரு கை கால் செயலிழந்தவர், இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருப்பவர், மறதி நோயால் நாள் கிழமை அறியாதவர், மனநோயுடனோ அறிவுசார் குறைபாட்டுடனோ வாழ்பவர் எனப் பலர் அன்றாடத் தேவைகளுக்குப் பிறரைச் சார்ந்தே வாழ்கின்றனர். உணவு, மருந்து, கழிவறை, பணம் ஆகிய அனைத்தும் இன்னொருவர் பொறுப்பில் இருக்கும் நிலையில், தமக்கு நேரும் துன்பத்தை வெளியில் சொல்வது அவர்களுக்கு எளிதன்று. யாரைப் பற்றிச் சொல்ல வேண்டுமோ அவரே அடுத்த வேளை உணவையும் கொடுப்பவராக இருப்பார்.

60 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் ஓராண்டுக் காலத்திற்குள் ஏதேனும் ஒரு வகைத் துன்புறுத்தலுக்கு ஆளாகிறார் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இதைக் குறித்த விழிப்புணர்வுக்காகவே ஆண்டுதோறும் ஜூன் 15ஆம் நாள் கடைப்பிடிக்கப்படுகிறது. இத்தகைய துன்பத்தை எவ்வாறு அடையாளம் காண்பது, பாதிக்கப்பட்டவரின் விருப்பத்தை மதித்து அவரை எவ்வாறு காப்பது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

துன்புறுத்தலின் வடிவங்கள்

அடிப்பது மட்டுமே துன்புறுத்தல் என்று பலர் எண்ணுகின்றனர். ஏசுதல், மிரட்டுதல், பல நாள் பேசாமல் ஒதுக்கி வைத்தல் ஆகியவை மனத்தைக் காயப்படுத்துகின்றன. ஓய்வூதியத்தை எடுத்துக்கொண்டு கணக்குக் காட்டாதிருத்தல், படித்துக் காட்டாமல் பத்திரத்தில் கைரேகை பெறுதல் ஆகியவை பொருள்வழித் துன்புறுத்தல்கள். பாலியல் துன்புறுத்தல் எந்த வயதினருக்கும் நேரக்கூடும். உணவு, மருந்து, தூய்மை, மருத்துவம் ஆகியவற்றை உரிய நேரத்தில் அளிக்காதிருப்பது புறக்கணிப்பு ஆகும். தீய எண்ணம் இல்லாத வீட்டிலும் புறக்கணிப்பு நிகழலாம். அதன் விளைவு உடலில் ஒன்றுபோலவே தெரியும்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

• மேற்கையின் உட்புறம், கழுத்து, காது, முதுகு ஆகிய இடங்களில் கன்றிப்போன தடங்கள். தற்செயலாக இடித்துக்கொள்பவருக்குப் பெரும்பாலும் முன்கையிலும் முழங்காலுக்குக் கீழும் காயம் ஏற்படும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோருக்குச் சிறு இடியிலும் தோல் கன்றும். எனவே ஒரு தடத்தை மட்டும் கொண்டு யாரையும் குற்றஞ்சாட்ட வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.
• மணிக்கட்டிலும் கணுக்காலிலும் கயிறோ துணியோ கட்டிய அடையாளம்.
• காரணம் தெரியாத எடைக்குறைவு, வறண்ட நாக்கு, அடர்நிறச் சிறுநீர்.
• படுக்கைப் புண், நெடுநேரம் மாற்றப்படாத டயாபர், நாற்றம் வீசும் சிறுநீர்க் குழாய்.
• மருந்து வாங்கிய பின்னும் மாத்திரைகள் எண்ணிக்கை குறையாமல் இருத்தல். அல்லது தூக்க மருந்தின் மயக்கத்திலேயே எந்நேரமும் இருத்தல்.
• குறிப்பிட்ட ஒருவர் அறைக்குள் வந்ததும் பேச்சை நிறுத்துதல். கேள்வி அவரிடம் இருக்க, பதில் எப்போதும் உடனிருப்பவரிடமிருந்தே வருதல்.

பாதுகாப்பு என்ற பெயரில் நேரும் தீங்கு

2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த ஒரு காப்பகத்தில் தீப்பற்றியது. அங்கிருந்தோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் தப்ப இயலவில்லை. 28 பேர் உயிரிழந்தனர். ஓடிவிடக் கூடாது, பிறருக்கும் தமக்கும் ஊறு செய்துகொள்ளக் கூடாது என்பதே இத்தகைய கட்டுகளுக்குச் சொல்லப்படும் காரணம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்துள்ளது.

இதே மனப்போக்கு சிறிய அளவில் நம் வீடுகளிலும் உண்டு. விழுந்துவிடுவார் என்று கைகளைக் கட்டிலோடு கட்டுகிறோம். அடிக்கடி சிறுநீர் கழிக்கிறார் என்று குடிநீரைக் குறைக்கிறோம். வெளியே போய்விடுவார் என்று நாள் முழுதும் அறையைப் பூட்டுகிறோம். கட்டப்பட்டவர் திமிறி எழும்போதுதான் பெரும்பாலும் மோசமாக விழுகிறார். நீர் குறைந்தால் சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும் மனக்குழப்பமும் மிகும். கட்டிலின் உயரத்தைக் குறைத்தல், இரவில் சிறு விளக்கு எரியவிடுதல், இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை கழிவறைக்கு அழைத்துச் செல்லுதல், சட்டைப் பையில் முகவரிச் சீட்டு வைத்தல் ஆகியவை அவரைக் கட்டாமலேயே காக்கும் வழிகள்.

கேட்கும் முறை

துன்பம் தெரிய வந்ததும் அவருக்காக நாமே முடிவெடுத்துவிடுவது இயல்பு. ஆயினும் அவருடைய வாழ்க்கை அவருடையது. இங்கிலாந்து நாட்டில் 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டத்தையொட்டி வகுக்கப்பட்ட பாதுகாப்பு நெறிகள் ஆறனுள் முதலாவது, பாதிக்கப்பட்டவரே தம் முடிவை எடுக்கத் துணைநிற்றல் என்பதாகும். அதை நாமும் கைக்கொள்ளலாம்.

தனிமையில் கேளுங்கள். பராமரிப்பவரை மருந்து வாங்கவோ தேநீர் அருந்தவோ அனுப்பிவிட்டுப் பேசலாம். காது கேளாதவராயின் காதுக் கருவியையும், பார்வை குறைந்தவராயின் கண்ணாடியையும் முதலில் கொடுங்கள். அமர்ந்து, அவர் கண்மட்டத்தில் பேசுங்கள். "உங்களை அடிக்கிறார்களா?" என்று தொடங்குவதைவிட, "வீட்டில் உங்கள் நாள் எப்படிக் கழிகிறது? எந்த நேரம் கடினமாக இருக்கிறது?" என்று கேட்பது நலம். அவர் சொன்னபின் கேட்க வேண்டிய முதன்மையான கேள்வி: "எது மாற வேண்டும் என்று நீங்கள் விரும்புகிறீர்கள்?"

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்களிக்க வேண்டாம். "உங்களைக் கேட்காமல் எதுவும் செய்யமாட்டேன், உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் உதவி கேட்பேன், அதையும் உங்களிடம் சொல்லிவிட்டே செய்வேன்" என்று கூறுங்கள். அவர் சொன்னவற்றை அவருடைய சொற்களிலேயே, தேதியுடன் எழுதி வையுங்கள்.

ஒரு சூழல்

74 வயதான ஒரு தாய் மகனோடு வாழ்வதாகக் கொள்வோம். ஏ.டி.எம். அட்டை மகனிடம் இருக்கிறது. இரத்த அழுத்த மாத்திரை பல நாள் வாங்கப்படவில்லை, அவர் மெலிந்துபோயிருக்கிறார். வெளியூரிலிருந்து வந்த மகள், காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டுத் தாயைத் தன்னோடு அழைத்துச் செல்ல எண்ணுகிறார். தனிமையில் கேட்டபோது தாய் சொல்கிறார்: "இந்த வீட்டை விட்டு வரமாட்டேன். பேரன் இங்கேதான் இருக்கிறான். என் பணம் என் கையில் இருக்க வேண்டும். சாப்பிடும்போது திட்டக் கூடாது. அவ்வளவுதான்."

இந்த விருப்பத்தைக் கொண்டு ஒரு திட்டம் வகுக்கலாம். அட்டையும் வங்கிப் புத்தகமும் தாயிடம் திரும்புகின்றன. மாத்திரைகள் கிழமைப் பெட்டியில் அடுக்கப்படுகின்றன. தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் வீட்டுக்கே வந்து பார்க்கின்றனர். மகள் நாள்தோறும் ஒரு குறித்த வேளையில் தாயிடமே பேசுகிறார். ஒரு மாதம் கழித்து எடை பார்க்கப்படுகிறது, "நிலைமை மாறியதா?" என்று தாயிடமே மீண்டும் கேட்கப்படுகிறது. மாறவில்லையெனில் அடுத்த படி என்ன என்பதையும் அவரோடு பேசி முடிவு செய்யலாம்.

அவர் விருப்பத்திற்கு எல்லை உண்டா?

உண்டு. உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தாலோ, அதே வீட்டில் குழந்தை போன்ற மற்றொருவருக்கும் தீங்கு நேரும் என்றாலோ காத்திருத்தல் ஆகாது. நோயின் காரணமாக அவரால் நிலைமையைப் புரிந்துகொள்ள இயலாவிட்டால், அவர் நலனைக் கருதிப் பிறர் முடிவெடுக்க நேரும். அப்போதும் அவர் முன்பு விரும்பியது எது என்பதை எண்ணிப் பார்த்து, செய்வதை அவரிடம் எளிய சொற்களில் சொல்ல வேண்டும்.

நமக்குப் பிடிக்காத முடிவை அவர் எடுத்தார் என்பதாலேயே அவருக்கு அறிவில்லை என்று கருதுதல் கூடாது. மனநலச் சிகிச்சை குறித்த முடிவுகளில் 2017ஆம் ஆண்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. மறதி நோயுற்றவருக்கும் காலையில் தெளிவு மிகுந்திருக்கலாம். பணக்கணக்கு புரியாதவரும் யாரோடு இருக்க விருப்பம் என்பதைச் சொல்லக் கூடும்.

சட்டம் தரும் துணை

2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தின்படி, தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பெற்றோரும் 60 வயது நிறைந்த மூத்த குடிமக்களும் தீர்ப்பாயத்தில் மனு அளிக்கலாம். தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியர் இதற்குத் தலைமை வகிக்கிறார். தாமே செல்ல இயலாதவர் சார்பில், அவர் அனுமதி பெற்ற ஒருவர் மனு செய்யலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை வழங்க ஆணையிட இடமுண்டு.

இச்சட்டத்தின் 23ஆம் பிரிவு சொத்தைப் பற்றியது. அடிப்படைத் தேவைகளைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையுடன் சொத்தை எழுதிக் கொடுத்தபின் பெற்றவர் கவனிக்கத் தவறினால், அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக அறிவிக்கக் கோரலாம். எனவே தானப் பத்திரமோ செட்டில்மெண்ட் பத்திரமோ எழுதும்போது அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாகச் சேர்க்கச் சொல்லுங்கள். மூத்த குடிமகனைக் கைவிடும் நோக்கத்துடன் எங்கேனும் விட்டுச் செல்வது, மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம்.

மாற்றுத்திறனாளிகளுக்கு 2016ஆம் ஆண்டுச் சட்டம் துணை நிற்கிறது. அவர்கள் துன்புறுத்தப்படுவதை அறிந்த எவரும் நிர்வாக நடுவரிடம் தெரிவிக்கலாம்.

பராமரிப்பவருக்கு ஒரு சொல்

இரவெல்லாம் விழித்து, வேலைக்கும் சென்று, படுக்கையில் இருப்பவரைத் தூக்கித் துடைத்து வாழ்பவர்களுக்குச் சினம் வருவது வியப்பன்று. கை ஓங்கத் தோன்றினால், அவர் பாதுகாப்பாகப் படுத்திருக்கிறாரா என்று பார்த்துவிட்டு அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். உறவினரிடம் "உதவி செய்யுங்கள்" என்று பொதுவாகக் கேட்பதைவிட, "ஞாயிறு காலை நான்கு மணி நேரம் அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். களைப்பைச் செவிலியரிடமும் மருத்துவ சமூகப் பணியாளரிடமும் சொல்லுங்கள். அது உங்கள் பராமரிப்பில் இருப்பவரையும் காக்கும்.

உதவிக்கு

• முதியோர் உதவி எண்: 14567
• பெண்களுக்கான உதவி எண்: 181
• மனநல ஆலோசனை: 14416
• அவசர உதவி: 112; ஆம்புலன்ஸ்: 108

குடும்பத்தோடு பேசிப் பார்க்க

1. நம் வீட்டில் பிறரைச் சார்ந்திருப்பவர் இன்று எந்தெந்த முடிவுகளைத் தாமே எடுத்தார்?
2. அவருடைய பணம் எங்கே, எதற்குச் செலவாகிறது என்பது அவருக்குத் தெரியுமா?
3. வீட்டாரைத் தவிர வேறு யாரோடேனும் அவர் தனியே பேச வாய்ப்பு இருக்கிறதா?
4. அவரைப் பராமரிப்பவர் கடைசியாக ஒரு முழு இரவு உறங்கியது எப்போது?