காப்பும் திறவும்

பொருளைத் தேடுதல் அரிது. தேடியதைக் காத்தல் அதனினும் அரிது. காப்பின் இயல்பை விளக்கும் கதை ஒன்று சிதம்பரத்தைப் பற்றி வழங்குகிறது. உமாபதி சிவாசாரியார் இயற்றியதாகக் கருதப்படும் திருமுறைகண்ட புராணம் அதனைக் கூறும்.

தேவார ஏடுகள் தில்லைக் கோயிலின் ஓர் அறையில் மூவரது கைச்சாத்துடன் பூட்டப்பெற்றிருந்தன. திருநாரையூர் நம்பியாண்டார் நம்பியால் இதனை அறிந்த சோழ மன்னன், அறையைத் திறக்குமாறு வேண்டினான். ஏடுகளை வைத்த மூவரும் வந்தாலன்றித் திறத்தல் இயலாது என்றனர் தில்லைவாழ் அந்தணர். மன்னனது சொல்லும் அக்கதவைத் திறக்கவில்லை. மூவர் திருவுருவங்களையும் அவன் எழுந்தருளச் செய்த பின்னரே கதவு திறந்தது.

இன்று நம் கடிதங்களும் கணக்குகளும் இணையத்தில் உள்ளன. அவற்றிற்குக் கடவுச்சொல்லே காவல். சொல்லோ, பிறர் செவிக்கு எட்டினால் பிறர்க்கும் உரியதாகிவிடும். கடலூரில் உள்ள ஒருவர் தம் மின்னஞ்சல் பக்கமே போன்ற போலிப் பக்கத்தில் கடவுச்சொல்லையும், கைப்பேசிக்கு வந்த ஒருமுறை எண்ணையும் எழுதிவிட்டால், கடல் கடந்த நாட்டிலுள்ள கள்வனும் அக்கணமே உள்ளே புகுவான்.

இக்குறையை நீக்க எழுந்ததே பாதுகாப்புத் திறவுகோல் என்னும் சிறு கருவி. இதனைக் கணினியில் செருகியோ, கைப்பேசியின் அருகே வைத்தோ பயன்படுத்துவர். இதனுள் மறைவெண் உண்டு. அதற்கு இணையான வெளிப்படை எண் தளத்தினிடம் இருக்கும். தளம் ஒவ்வொரு முறையும் புதிய வினா ஒன்றை விடுக்கும். கருவி மறைவெண்ணைக் கொண்டு ஒப்பமிட்டு விடை தரும். மறைவெண் மட்டும் கருவியை விட்டு வெளியேறுவதில்லை. பதிந்த தளத்தின் முகவரி அன்றி வேறு முகவரி வினவினால், அத்தளத்துக்குரிய ஒப்பம் கிடைக்காது. ஆதலின் கண் ஏமாந்தாலும் கருவி ஏமாறாது. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு இம்முறையை 2019-ஆம் ஆண்டில் பொதுத் தரமாக ஏற்றது.

எனினும், தில்லைக் கதையின் பிற்பகுதியையும் மறத்தல் ஆகாது. கதவு திறந்தபோது ஏடுகளுள் பெரும்பகுதி செல்லரித்துக் கிடந்தது. அவ்வறையில் கள்வர் புகவில்லை, உரியவரும் புகவில்லை, செல்லே புகுந்தது. ஆகவே, திறவுகோல் இரண்டினைப் பதிந்து, ஒன்றைக் கையிலும் மற்றொன்றை வீட்டில் தக்க இடத்திலும் வைத்தல் வேண்டும். ஒன்று தொலையின், மற்றொன்றால் நுழைந்து, தொலைந்ததன் பதிவை நீக்கிவிடலாம்.

கள்வர்க்கு அடைத்து, உரியவர்க்குத் திறப்பதே நற்காப்பு ஆகும்.