நாய்க்கும் கொரோனா உண்டா?

கோலா கெத்தில் தோட்டங்களில் காவலுக்கு நாய் வளர்ப்போர் பலர் நம் வாடிக்கையாளர். அந்நாய்களால் கொரோனா பரவுமோ என்று ஐயுறுவோர் உளர்.

நாய்களுக்கென்றே பழைய கொரோனாக் கிருமி ஒன்றுண்டு. அது குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். கோவிட் கிருமி வேறு. 2020-ல் ஹாங்காங்கில் ஒரு நாய்க்குக் கோவிட் கண்டது. நோயுற்ற எஜமானரிடமிருந்தே அது தொற்றியதென மருத்துவர்கள் கருதினர்.

ஆயினும் அசட்டை கூடாது. 2017, 2018-ல் நம் சரவாக்கில் நுரையீரல் காய்ச்சலுற்ற 301 பேரின் சளியைப் பிற்பாடு சோதித்ததில், 8 பேரிடம் நாய்க்கொரோனா இனக் கிருமி தென்பட்டது. 2021-ல் இது வெளியாயிற்று.

ஆகவே, நோயுற்றவர் நாயை அணைக்க வேண்டாம். நாயைத் தொட்டவர் சவுக்காரமிட்டுக் கைகழுவுக. அச்சத்தால் வாயில்லாப் பிராணியைக் கல்லெறிந்து விரட்டுவது நமக்கு அடாது.